தேனீப் பெட்டி: முதலில் ஒரு மாதிரி

கலசப்பாக்கத்தில் செய்யாற்றங்கரைத் தோப்புகளிலும் ஜவ்வாது மலையடிவாரத்துக் கொல்லைகளிலும் பொந்துகளில் வாழும் அடுக்குத் தேனீ நமது மிராசுதார்களுக்குப் புதியதன்று. அதனைப் பெட்டியில் குடியேற்ற விரும்புவோர் எடுத்த எடுப்பிலேயே பத்துப் பெட்டிகளுக்குத் தச்சரிடம் முன்பணம் கொடுக்கலாகாது. முதலில் ஒன்றே செய்து, ஒரு வருஷம் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

இதன் காரணத்தைப் பெட்டியின் வரலாறே விளக்கும். 1851-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் பாதிரியார் ஒரு நுட்பத்தைக் கண்டார். சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு இடம் விட்டால் தேனீக்கள் அதனை நடைபாதையாகக் கொள்ளும். மிகுந்தால் குறுக்கே அடை கட்டும். குறைந்தால் பிசினால் அடைத்துவிடும். எனவே அடையைச் சிதைக்காமல் சட்டத்தை உருவி எடுக்க முடிந்தது. ஆயினும் அப்பெட்டி ஐரோப்பியத் தேனீக்கு அமைந்தது; அதன் சட்டம் பதினேழரை அங்குலத்துக்கும் நீளமானது. நம் தேனீ உருவிலும் கூட்டத்திலும் சிறியது. அத்துணைப் பெரிய வீட்டை நிரப்ப அதனால் இயலாது. ஒவ்வாத வீட்டை விட்டு ஓடிப்போவதும் அதன் சுபாவம். திருச்சிராப்பள்ளியிலிருந்த நியூட்டன் பாதிரியார் இதனையுணர்ந்து, ஏழு சட்டங்கள் கொண்ட சிறு பெட்டியை வகுத்து, 1911 முதல் 1917 வரை கிராமத்தாருக்குப் பயிற்சியும் அளித்தார். அவர் பெயராலேயே அது வழங்குகின்றது.

படத்தை மட்டும் தச்சரிடம் கொடுத்தால் போதாது. சரியான நியூட்டன் பெட்டி ஒன்றை முன்வைத்து அளவெடுக்கச் செய்யவேண்டும். பச்சை மரம் உதவாது. காய்ந்தபின் சுருங்கி இடைவெளியை மாற்றிவிடும். மாதிரியில் தேனீ குடியேறியபின் சட்டங்கள் தடையின்றி வெளிவருகின்றனவா, குறுக்கடை உண்டா, மழை நீர் இறங்குகின்றதா, தாங்கியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் நிறுத்தியும் எறும்பு ஏறுகின்றதா எனக் கவனித்துக் குறித்து வருக. பூவற்ற மாதங்களையும் வடகிழக்குப் பருவமழையையும் கூட்டம் தாங்கிய பின்பே இரண்டாவது பெட்டி.

தேர்ந்த மாதிரியைக் கிராம அதிகாரிகள் ஊருக்குப் பொது அளவாகப் பாதுகாத்து வைப்பது நன்று. எல்லாப் பெட்டியும் ஓரளவாயிருந்தால், நலிந்த கூட்டத்துக்கு வலுவான கூட்டத்தின் புழுச் சட்டத்தைக் கொடுத்துத் தேற்றலாம். ஆளுக்கோர் அளவானால் இவ்வுதவி அற்றுப்போம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. 1991-க்குப் பின் தென்னிந்தியாவில் பரவித் திரளான கூட்டங்களை அழித்த தாய் சாக்புரூட் என்னும் நச்சுயிர் நோயில், புழு நீர் நிறைந்த பைபோலாகி மடியும். இது பெட்டியின் குற்றமன்று. அளவு திருத்தியும் பயனில்லை. அத்தகைய பெட்டியின் சட்டத்தை வேறொன்றில் ஒருபோதும் வைக்கலாகாது.