தேசப்பற்றும் மனச்சாட்சியும்



தேசத்தை நேசிப்பது நாலாங் கற்பனையைச் சேர்ந்த கடமை. ஆனால் தேசம் யுத்தத்தில் இறங்கும்போது அந்த நேசம் நம்மிடம் எதைக் கேட்கிறது? இதில் நல்ல கத்தோலிக்கரும் பிரிந்து நிற்பதுண்டு.

வியட்நாம் யுத்தகாலத்தில் அமெரிக்காவில் அப்படியே நடந்தது. 1966 கிறிஸ்துமஸில் நியூயார்க் அதிமேற்றிராணியார் கர்தினால் ஸ்பெல்மன் வியட்நாம் சென்று, போர்வீரரைக் கண்டு, வெற்றியைத் தவிர வேறு முடிவை நினைக்கலாகாது என்றார். 1968 மே 17-ல் பெரிகன் சகோதரரான இரு குருக்களும் வேறு எழுவரும் கேட்டன்ஸ்வில் என்னும் ஊரில், படைக்கு ஆளெடுக்கும் ஏடுகளை எரித்துச் சிறைத்தண்டனை பெற்றனர். அவ்விருவரில் பிலிப் என்பவர் இரண்டாம் உலக யுத்தத்தில் போர்வீரராயிருந்தவர். விசுவாசம் ஒன்று, பலிபூசை ஒன்று, தீர்மானமோ எதிரெதிர்.

திருச்சபை என்ன போதிக்கிறது? 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தேசத்தைக் காக்கும் வீரன் தன் கடமையைச் செவ்வனே செய்தால் சமாதானத்துக்கு உதவுகிறான் என்றது. மனச்சாட்சியினிமித்தம் ஆயுதமெடுக்க மறுத்து, வேறு வகையில் ஊழியஞ் செய்ய இசைபவனைச் சட்டம் பரிவோடு நடத்துவது நியாயம் என்றும் சொன்னது. நகரங்களைக் குடிகளோடு அழிப்பதையோ யாதொரு தயக்கமுமின்றிக் கண்டித்தது. உலக காரியங்களில் விசுவாசிகள் நேர்மையாகவே கருத்து வேறுபடலாம். ஆனால் தன் கருத்தே திருச்சபையின் கருத்து என்று ஒருவனும் உரிமை பாராட்டலாகாது என்பதும் அதே சங்கத்தின் போதனை.

ஆகையால் பத்திரிகையை வாசித்துத் தகப்பனும் மகனும் வீட்டில் தர்க்கிக்கும்போது, "நீ தேசத்துரோகி", "நீ கிறிஸ்தவனே அல்ல" என்னும் இரண்டு சொல்லையும் விலக்குங்கள். ஞாயிறன்று ஒரே நற்கருணைப் பந்திக்கு வருகிறவர்கள் அல்லவா?