ஒரு றாத்தல் பாணும் மனச்சாட்சியும்



2022-ம் ஆண்டு நம் இலங்கையில் சமையல் எரிவாயு கிடையாமல் பேக்கரிகள் பல மூடுண்டதை மறந்திருக்கமாட்டீர்கள். பங்குனிக் கடைசியில் மின்சாரமும் நாளுக்கு 13 மணித்தியாலம் தடைப்பட்டது. விறகுப் போறணையைக் கைவிடாதிருந்த சிறு பேக்கரிக்காரருக்கோ அதுவே கைகொடுத்தது.

அந்தப் போறணையைச் சற்றுக் கவனியுங்கள். செங்கல் ஒருமுறை நன்றாய்ச் சூடேறினால் பல மணிநேரம் சூட்டைக் காக்கும். கடுஞ்சூட்டில் முதலில் பாண். சூடு தணியத் தணியப் பணிஸ். கடைசி இளஞ்சூட்டில், நேற்று விலைப்படாத பாணை வெட்டி அடுக்கினால் றஸ்க். ஒரே விறகில் மூன்று வேலை! சேசுநாதர் ஐயாயிரம் பேரைப் போஷித்தபின் துணிக்கைகளைப் பொறுக்கச் சொன்னாரல்லவா? அப்பத்தைப் பலுகச் செய்ய வல்லவரே மிச்சத்தை வீணாக்கவில்லை.

ஆனால் கள்ளச் சிக்கனமும் ஒன்று உண்டு. ஒரு றாத்தல் பாண் 450 கிராம் இருக்கவேண்டும். மாவிலை ஏறினால் நியாயமாய் விலையைக் கூட்டுவது பாவமன்று. வாங்குபவர் அதை அறிவார். சொல்லாமல் நிறையைக் குறைப்பது களவு. பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுக்கும் தாய் வீட்டில் தராசா வைத்திருக்கிறாள்? மாப் பிசைபவனுடைய கூலியில் கைவைப்பதும் அப்படியே. அது பரலோகத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவமென்று 13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ல் எழுதிய நிருபத்தில் கண்டித்திருக்கிறார்.

வாங்கும் நமக்கும் கடமையுண்டு. கடைக் கொப்பியில் உங்கள் பெயரில் நிற்கும் கடனைச் சம்பளத்தன்றே தீர்த்துவிடுங்கள். நாளைக்கு மா வாங்க அவருக்கு வேறு முதலில்லை.