அப்பா ஊரில், பிள்ளை தாராவியில்: ஜீவனாம்ச வழக்கை எங்கே போடுவது?

“அவர் திருநெல்வேலியில இருக்காரு, கேஸையும் அங்க போய்த்தானே போடணும்?” தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் பிள்ளையோடு தனித்து நிற்கும் பெண்கள் கேட்பது இது. ஊர்ப் பெரியவர்களும் ஆமாம் என்பார்கள். தேவையில்லை.

ஜீவனாம்சச் சட்டத்துக்கு மாநிலம் கணக்கில்லை, மாவட்டம்தான் கணக்கு. ஜீவனாம்சம் பற்றிய, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகிவிட்டது. எங்கே மனு போடலாம் என்பதை 145-ஆம் பிரிவு சொல்கிறது: கணவர் இருக்கும் மாவட்டம், மனைவி வசிக்கும் மாவட்டம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த மாவட்டம். எது வேண்டும் என்று முடிவு செய்வது நீங்கள். மும்பை என்றால், பாந்த்ரா-குர்லா வளாகத்திலுள்ள குடும்ப நீதிமன்றம். தாராவிக்கு அது பக்கம்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். பிரிவில் ‘மனைவி வசிக்கும் இடம்’ என்றுதான் இருக்கிறது, ‘பிள்ளை வசிக்கும் இடம்’ என்றில்லை. அதனால் மனுவில் தாயும் சேர்ந்து நிற்பது நல்லது. மணமுறிவு ஆகி மறுமணம் செய்யாதவரும் மனைவிதான். வசிப்பது என்றால் சொந்த வீடு வேண்டும் என்பதில்லை; தற்காலிகமாகத் தங்கினாலும் போதும், சும்மா வந்துபோவது மட்டும் சேராது என்று ஜாகீர் கௌர் வழக்கில் 1963-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

முதலில் மும்பை முகவரிக்கு ஆதாரம் திரட்டுங்கள்: ரேஷன் கார்டு, கரண்ட் பில், பிள்ளையின் பள்ளி போனஃபைட் சான்றிதழ். பிறப்புச் சான்றிதழும் கல்யாணத்துக்கான அத்தாட்சியும் வேண்டும். தமிழில் உள்ள தாள்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு எடுத்துவிடுங்கள். கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை என்று தயங்க வேண்டாம். பிள்ளையின் உரிமை அதனால் போகாது.

வக்கீலுக்குக் காசில்லையா? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தர வேண்டும்.

மனுவோடு வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாம் சொல்லும் பிரமாணப் பத்திரமும் போக வேண்டும். அவரும் கொடுத்தாக வேண்டும். 2020-இல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் வந்த விதி இது. ஜீவனாம்சம் மனு போட்ட நாளிலிருந்து கிடைக்கும் என்பதும் அதே தீர்ப்புதான். ‘பேசிப் பார்ப்போம்’ என்று ஆறு மாதம் தள்ளினால் ஆறு மாதப் பணம் போச்சு. இடைக்கால ஜீவனாம்ச மனுவையும் கூடவே போடுங்கள். நோட்டீஸ் அவர் கைக்குப் போய் 60 நாளுக்குள், முடிந்த வரை, அதை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். வேண்டுமென்றே நோட்டீஸ் வாங்காமல் ஒளிந்தால் அவர் இல்லாமலே விசாரிக்கலாம்.

உத்தரவு வந்தும் பணம் வரவில்லை என்றால்தான் திருநெல்வேலி கணக்கில் வரும். உத்தரவின் நகலை இலவசமாகத் தருவார்கள். 147-ஆம் பிரிவுப்படி, அவர் எங்கே இருக்கிறாரோ அந்த ஊர் மாஜிஸ்திரேட்டே அதை நிறைவேற்றலாம். வாரண்ட் போட்டும் கட்டாவிட்டால், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை; உள்ளே போய் வந்தாலும் பாக்கி கழியாது. ஆனால் பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கேட்டாக வேண்டும். பணம் வராத மாதங்களை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். பதினோராவது மாதம் வரை காத்திருக்காதீர்கள்.