நினைவு இருந்தும் ஏன் இன்னோர் ஊசி?

மாணவர்களே, தடுப்பூசி ஒரு கிருமியை நம் உடலுக்கு அறிமுகப்படுத்துகிறது. அதே கிருமி பின்னர் வந்தால் நினைவணுக்கள் அதனை அடையாளம் கண்டு எதிர்ப்பொருளை உற்பத்தி செய்யும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அப்படியானால், சில ஆண்டுகள் கழித்து பூஸ்டர் ஊசி எதற்கு? மெனிங்கோகாக்கஸ் எனும் பாக்டீரியா இதற்கு நல்ல விடை தருகிறது.

இது பலருடைய தொண்டையில் தீங்கின்றி வாழும் பாக்டீரியா. சிலரிடம் மட்டும் இரத்தத்தில் நுழைந்து, மூளையைச் சுற்றியுள்ள உறைகளைத் தாக்குகிறது. சாதாரணக் காய்ச்சல் போலத் தொடங்கி ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகிவிடலாம். தொற்றியபின் நோய் வெளிப்படப் பெரும்பாலும் மூன்று நான்கு நாள்களே ஆகும். நினைவணுக்கள் பெருகிப் போதுமான எதிர்ப்பொருளைத் தரவோ ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். கணக்கைப் பாருங்கள்: படை வந்து சேருமுன் போர் முடிந்துவிடுகிறது! ஹெப்படைடிஸ் பி போன்ற நோய் வெளிப்பட வாரக்கணக்கில் ஆவதால், அங்கே நினைவே பெரும்பாலும் போதுமானது. மெனிங்கோகாக்கசுக்கோ எதிர்ப்பொருள் முன்கூட்டியே இரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும்.

எவ்வளவு இருந்தால் போதும்? இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை 1:4, 1:8, 1:16 என இரட்டிப்பாக நீர்த்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொன்றிலும் உயிருள்ள பாக்டீரியாவையும், அதனைக் கொல்ல எதிர்ப்பொருளுக்குத் துணைநிற்கும் புரதங்களையும் சேர்ப்பார்கள். பாதிப் பாக்டீரியாவாவது சாகும் கடைசி நீர்த்தலே அந்தச் சீரத்தின் அளவு. (பின்னம் என நினைத்துக் குழம்ப வேண்டாம், 1:64 என்பது 1:4ஐ விட வலிமையானது.) அமெரிக்க இராணுவப் பயிற்சி வீரர்களைப் பற்றி 1969இல் வெளிவந்த ஆய்வில், நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முன்பே எடுத்துவைத்த இரத்தத்தில் 1:4 அளவுகூட இல்லை என்று தெரியவந்தது. இன்றும் அந்த எண்ணே அளவுகோலாகப் பயன்படுகிறது.

ஏ, சி, டபிள்யூ, ஒய் வகைகளுக்கான தடுப்பூசிகள் பாக்டீரியாவின் வெளிப்புறச் சர்க்கரை உறையைப் பயன்படுத்துகின்றன. பழைய ஊசியில் சர்க்கரை மட்டுமே இருந்தது. வெறும் சர்க்கரைக்கு டி அணுக்கள் உதவ வருவதில்லை. அதனால் நினைவணுக்களும் உருவாவதில்லை. சி வகையில் மீண்டும் மீண்டும் போட்டால் எதிர்வினை குறையவும் கண்டார்கள். சர்க்கரையை ஒரு புரதத்துடன் இணைத்ததும் நிலைமை மாறியது. டி அணுக்கள் உதவிக்கு வந்தன, நினைவு உருவானது. இந்த நினைவு உள்ளவருக்குப் பூஸ்டர் போட்டால், எதிர்ப்பொருள் முதல் முறையைவிட விரைவாகவும் உயரமாகவும் ஏறும்.

இங்கிலாந்தின் அனுபவம் சுவையானது. 1999 நவம்பரில் சி வகைக்கான இணைப்புத் தடுப்பூசியை 2, 3, 4 மாதக் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கினார்கள். நோய் வெகுவாகக் குறைந்தது. ஆனால் மூன்று ஊசி போட்ட குழந்தைகளுக்கும் ஓராண்டுக்குப் பின் பாதுகாப்பு பெரிதும் குறைந்திருந்தது! ஆகவே 2006இல் ஒரு வயதில் பூஸ்டர் சேர்க்கப்பட்டது. அதுவும் காலப்போக்கில் இறங்கியதால், 2013இல் பதின்ம வயதினருக்கும் ஒன்று வந்தது. உங்கள் வயதில் போடும் ஊசி சிறுவயதில் போடுவதைவிட நீண்ட காலம் எதிர்ப்பொருளைத் தக்கவைக்கிறது. தவிர, பாக்டீரியாவைத் தொண்டையில் சுமந்து பரப்புவதில் பதின்ம வயதினரே முன்னணியில் இருக்கிறார்கள். அவர்களிடம் பரவல் குறைந்தால், ஊசி போடாத குழந்தைகளும் தப்புகிறார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் நோய் மீண்டும் பெருகாததற்கு இதுவே பெரிய காரணம்.

நம் நாட்டிலிருந்து ஹஜ், உம்ரா செல்வோருக்கு இந்த ஊசி பழக்கமானது. 2000ஆம் ஆண்டு ஹஜ் பயணிகளிடையே டபிள்யூ வகை பரவி, அவர்கள் வழியாகப் பல நாடுகளுக்குச் சென்றது. இப்போது சவூதி அரேபியா நான்கு வகைத் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்கிறது. இணைப்புத் தடுப்பூசி என்றால் ஐந்தாண்டு செல்லும். பழைய சர்க்கரை ஊசிக்கு மூன்றாண்டுதான். அங்கே சென்றிறங்குவதற்குக் குறைந்தது பத்து நாள்களுக்கு முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. ஏன் பத்து நாள் என்பதை மேலே பார்த்த கணக்கை வைத்து நீங்களே சொல்லிவிடலாம்.