நியூஃபவுண்ட்லாந்துக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பயண ஒழுங்கைத் தம்பி கணினியில் பெரிதாக்கிக் காட்டினான். ஓகஸ்ட்டில், தனியாக, வாடகைக் காரில், நியூஃபவுண்ட்லாந்து முழுக்கச் சுற்றப்போகிறாய். மறிப்பதற்கு நான் எழுதவில்லை. மறிக்கிற வேலையை உன் அம்மா ஏற்கெனவே செய்திருப்பாள். எனக்கு மெத்தச் சந்தோசம். ஆனால் அதைப் பார்த்த இரவு நித்திரை வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மேற்குக் கரைக்குக் கூடுதல் நாள் ஒதுக்குவதா, ஃபோகோத் தீவுக்கு ஒதுக்குவதா என்று கேட்டிருந்தாய். அது உன் விருப்பம், பிள்ளை. இரண்டும் நல்ல இடங்கள்தான். மேற்கில் குரோஸ் மோர்ன் பூங்கா 1987 முதல் யுனெஸ்கோவின் பட்டியலில் இருக்கிறது. பூமிக்கு அடியாழத்தில் கிடக்கவேண்டிய பாறை அங்கே மேலே தள்ளப்பட்டு, புல்லும் சரியாக முளைக்காமல் துருநிறத்தில் கிடக்கும். அதற்கும் வடக்கே, தீவின் நுனியில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நோர்ஸ் மாலுமிகள் வீடு கட்டியிருந்த இடம். ஆனால் அது நீண்ட ஓட்டம். வழியெல்லாம் மூஸ். 1904இல் நாலைக் கொண்டுவந்து விட்டார்கள், இன்று தீவு நிறைய அவைதான். பொழுதுபட்டால் ரோட்டில் வந்து நிற்கும். கால் நீளம் என்பதால் இடித்தால் அதன் உடம்பு நேரே முன்கண்ணாடிக்கு வரும். நீயோ தனியாக ஓடப்போகிறாய்.

ஃபோகோவில் ஸீட்டா கொப் என்ற அந்த ஊர்ப் பெண் திரும்பி வந்து ஊருக்காக ஒரு விடுதியை எழுப்பி 2013இல் திறந்தார். மிச்சப்படுகிற காசு ஊருக்கே போகிறது. மதிக்கவேண்டிய வேலை. ஆனாலும் அங்கே ஓர் இரவுக்குக் கொடுக்கிற காசில் நீ தெற்குக் கரையில் நாள்கணக்காக இருக்கலாம்.

அந்தத் தெற்கைத்தான் உன் ஒழுங்கில் காணவில்லை. சென்ற் ஜோன்ஸில் இறங்குகிறாய், சிக்னல் ஹில் ஏறுகிறாய், ஸ்பியர் முனையில் சூரியன் உதிப்பதைப் பார்க்கிறாய், பிறகு நேரே மேற்கே போகிறாய். பத்தாம் இலக்க வீதியால் தெற்கே இறங்கினால் என்ன? பறவை பார்க்க விற்லெஸ் குடாவில் பஃபின்கள் இருக்கின்றன. பாறைதான் உனக்கு ஆசை என்றால் மிஸ்டேக்கன் பொயின்ற் இருக்கிறது. ஐம்பத்தாறு கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழ்கடலில் வாழ்ந்த உயிர்களின் தடம் அந்தக் கல்லில் பதிந்திருக்கிறது. முதலே பதிந்துகொண்டால் வழிகாட்டி கூட்டிப்போவார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஏற விடுவார்கள். பக்கத்தில் ரேஸ் முனை. 1912இல் டைட்டானிக்கின் அபயச் செய்தியைக் கேட்ட நிலையம் அங்கேதான் இருந்தது. அதற்கும் மேற்கே, ட்ரெபாசியைத் தாண்டினால் சென்ற் ஷொட்ஸ்.

அந்தப் பெயரைப் பெரியப்பா உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். யாருக்குத்தான் சொன்னார்? 1986 ஓகஸ்ட் 11, மூடுபனி. மேற்கு ஜேர்மனியில் ஏற்றிய கப்பல் பெரியப்பா உட்பட எங்கள் ஆட்கள் 155 பேரையும் கடலில் உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிட்டுப் போய் மூன்று நாள். அந்தக் கடலில் அவர்களைக் கண்டவர் கஸ் டால்ற்றன் என்ற மீனவர். கண்டதும் தன் படகில் ஏற்றினார், மற்றப் படகுகளையும் கூப்பிட்டார். நீங்கள் யார், உங்களிடம் என்ன கடதாசி இருக்கிறது என்று கேட்டுவிட்டு அவர் கை கொடுக்கவில்லை. பிறகு சென்ற் ஜோன்ஸ் பல்கலைக்கழக விடுதியில் படுக்கை கிடைத்தது, ஒரு வருட அனுமதியும் கிடைத்தது.

எனக்கு இன்றைக்கும் ஆறாத விசயம் ஒன்று உண்டு. இந்தியாவில் இருந்து வந்தோம் என்று அவர்கள் முதலில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வெள்ளைக்காரர் சிலர் ஏசினார்கள். அதைப் பொறுக்கலாம். ஜேர்மனி என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு எங்கே விளங்கப்போகிறது? ஆனால் ரொறன்ரோவில், கல்யாண மண்டபத்தில், எங்கள் ஆட்களே குரலைத் தாழ்த்தி "வள்ளத்தில வந்தவை" என்றார்கள். விமானத்தில் வந்து அதே அகதிக் கடதாசியில் கையெழுத்து வைத்தவர்கள்! ஊரில் பெரியப்பாவைத் தீவான் என்றார்கள். இங்கே அதுவும் சேர்ந்தது. அவர் வாய் திறக்காமல் போனதற்கு அதுதான் காரணம், கடல் இல்லை. நீ அந்த வார்த்தையைக் கேட்டு வளரவில்லை என்பதில் எனக்கு நிம்மதி. அவர் உயிர் தப்பிய இடத்தைத் தெரியாமல் வளர்ந்ததில் எனக்கு நிம்மதி இல்லை.

நீ கண்டர் நாடகத்தைப் பார்த்து அழுததாகச் சொன்னாய். அழவேண்டிய கதைதான். 2001 செப்டெம்பரில் 38 விமானங்களில் வந்திறங்கிய ஆறாயிரத்துச் சொச்சம் பேரை, பத்தாயிரம் பேர் அளவில் இருந்த கண்டர் பட்டினமும் சுற்றியிருந்த ஊர்களும் தங்கள் வீட்டுச் சமையலறைகளில் உட்காரவைத்தன. வேலைநிறுத்தத்தில் நின்ற பள்ளிக்கூட பஸ் சாரதிகள் எழுந்து வந்து பஸ் ஓட்டினார்கள். அந்த மனசு அன்றைக்கு முளைத்ததில்லை, மகள். பதினைந்து வருடம் முன்பே அதில் கைநனைத்த குடும்பம் நாங்கள்.

அந்தத் தீவு மக்களுக்கு அடி விழுந்தபோது எங்களில் யார் கேட்டோம்? 1992 ஜூலை 2ஆம் திகதி கொட் மீன் பிடிக்கத் தடை வந்தது. முப்பதாயிரம் பேர் அளவில் வேலை இழந்தார்கள். பெரிய இழுவைக் கப்பல்கள் அள்ளியதற்குச் சிறு படகுக்காரரும் சேர்ந்து பட்டினி. அடைபட்ட வீடுகளைக் கரையெங்கும் காண்பாய். அவற்றை அழகென்று படம் எடுத்துப் போடாதே.

பெரியப்பாவைக் காப்பாற்றியவர்களின் வீட்டைத் தேடிப் போய்க் கதவைத் தட்டவும் வேண்டாம். அவர்களுக்கும் வயது போயிருக்கும், சிலர் இல்லாமலும் இருப்பார்கள். ஊர்க் கடையில் சாமான் வாங்கு. தேவாலய மண்டபத்தில் சாப்பாடு வைத்திருந்தால் போய் இரு. யாராவது உள்ளே வரச் சொன்னால் போ; ரின்பால் விட்ட தேத்தண்ணீர் தருவார்கள், பேக்அப்பிள் பழ ஜாம் தருவார்கள், வேண்டாம் என்று சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை என்றால் உப்பிட்ட மாட்டிறைச்சியும் கோவாவும் அவித்து வைப்பார்கள். நீ மாடு சாப்பிடுவதில்லை என்பதை மெதுவாகச் சொல்லிவிடு. கேட்டால் மட்டும் பெரியப்பாவைப் பற்றிச் சொல். கேட்காவிட்டாலும் சொல்.

இவ்வளவையும் எழுதிவிட்டு உன் விருப்பம் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். இருந்தாலும் உன் விருப்பம்தான். நீ உழைத்த காசு, நீ கேட்டு வாங்கிய லீவு. மேற்கே போய் அந்தத் துருநிறக் கல்லின் மேல் நின்றாலும் எனக்கு நீ செல்லம்தான். எங்கள் குடும்பத்தில் ஒரு பொம்பிளைப் பிள்ளை தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு அந்தத் தீவைப் பார்க்கப் போகிறாள் என்று தெரிந்தால் பெரியப்பா ஊர் முழுக்கப் போன் எடுத்திருப்பார். என் கெட்டிக்காரி நீ.

தட்டை வடை சுட்டு ரின்னில் அடைத்திருக்கிறேன், இரண்டு ரின். ஒன்று உனக்கு வழிக்கு. மற்றது யாருக்கென்று உனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை தம்பி கொண்டுவந்து தருவான். தடித்த ஜக்கெற் எடுத்து வை, ஓகஸ்ட் என்று பாராதே. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு கார் ஓடாதே. அங்கே எங்கள் நேரத்தை விட ஒன்றரை மணித்தியாலம் முந்தி, அதனால் படுக்கப்போகுமுன் எடுத்தால் நான் முழித்துத்தான் இருப்பேன்.

அன்பு முத்தங்களுடன்,
பெரியம்மா