மண் லோடு இறக்கும் முன்

மண் லோடு ராத்திரியில் வந்தால் இறக்க விடாதீர்கள். கோவையில் எங்கள் வீட்டுத் தோட்டத்துக்குச் செலவான பணத்தில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரியத்தால்தான் போனது. “பகல்ல வண்டிய உள்ள விட மாட்டாங்கக்கா, ராத்திரியே கொட்டிட்டா காலைல நீங்க வேலைய ஆரம்பிச்சுக்கலாம்” என்றுதான் சப்ளையர் சொல்வார். காலை, மாலை நெரிசலில் லாரிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பது நிஜம். நடுப்பகலில் வரலாமே! வெளிச்சத்தில் காட்ட முடிகிற மண்ணை யாரும் இருட்டில் கொண்டுவர மாட்டார்கள்.

அன்றைக்கு நான் ஈரோட்டில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். நான் வந்த பிறகுதான் இறக்க வேண்டும் என்று போனில் தெளிவாகச் சொன்னேன். தெருவில் வண்டி நிற்கிறது, டிரைவர் அவசரப்படுத்துகிறார் என்று கொழுந்தனார் இறக்கச் சொல்லிவிட்டார். முழுப் பணத்தையும் ஜிபேயில் அனுப்பியும் விட்டார். அந்தச் சப்ளையரைப் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். மற்ற இடங்களைவிட லோடுக்கு 1,500 ரூபாய் குறைவு என்பதைத் தவிர அந்த ஆளைப் பற்றி அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

நான் வந்து பார்த்தபோது குவியல் நல்ல சிவப்பாகத்தான் இருந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. மம்பட்டியை எடுத்துப் பக்கவாட்டில் வெட்டினேன். மேலே இருந்த சிவப்பு சரிந்ததும் உள்ளே மண் வெளுத்துக் கிடந்தது. பட்டாணி அளவிலிருந்து எலுமிச்சம்பழ அளவு வரை சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கற்கள். இன்னும் வெட்டினால் டைல்ஸ் துண்டு, காரைக் கட்டி, ஒரு முழ நீளத்துக்கு ஒயர். முதல் லோடில் எங்கோ கடைக்கால் தோண்டிய மண்ணைக் கொட்டிவிட்டு, அதன் மேலேயே இரண்டாவது லோடாகச் செம்மண்ணைக் கொட்டியிருக்கிறார்கள். சப்ளையருக்கு போன் போட்டேன். “எல்லாம் ஒரே மண்ணுதானுங்க்கா. நான் அண்ணன்கிட்ட பேசிக்கறேன்” என்று வைத்துவிட்டார். மண்ணைப் பற்றிப் பேச வீட்டில் ஆம்பளை வேண்டுமாம். அதன் பிறகு அண்ணனிடமும் அவர் பேசவில்லை.

அப்போதே அள்ளிப் போட்டுவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். நாலு கூடை எரு போட்டால் எந்த மண்ணும் சரியாகிவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பரப்பினோம், நட்டோம். முதலில் காட்டிக் கொடுத்தது இட்லிப்பூச் செடி. புதுத் தளிர்கள் எலுமிச்சை மஞ்சளாக வந்தன. நரம்பு மட்டும் பச்சை, நடுவில் எல்லாம் வெளுப்பு. பிறகு செம்பருத்தியும் அதே மாதிரி ஆனது. மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்ததில் கார அமில நிலை 8.7 என்று வந்தது. சுக்கான் மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது.

நர்சரிக்காரர் ஜிப்சம் போடச் சொன்னார். உங்களுக்கும் யாராவது சொல்வார்கள். ஜிப்சம் என்பது சோடியம் ஏறிய களர் மண்ணுக்கான மருந்து. சுண்ணாம்பு ஏறிய மண்ணில் ஏற்கெனவே கால்சியம் கொட்டிக் கிடக்கிறது. அங்கே அதனால் ஒரு பயனும் இல்லை. அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விட்டு இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். அடுத்த தளிர் மறுபடி மஞ்சளாகத்தான் வரும். கடைசியில் ஜேசிபி வைத்து அள்ளினோம். கொட்டுவதற்கு ஆன செலவைவிட அள்ளி, ஏற்றி, வேறு இடம் பார்த்துக் கொட்டுவதற்கு அதிகம் ஆனது. குறைந்த விலை என்று மிச்சம் பிடித்த 3,000 ரூபாய் ஜேசிபியின் அரை நாள் வாடகைக்குக்கூடப் போதவில்லை.

ஆகவே லோடு சொல்வதற்கு முன்னால் மண் இருக்கும் இடத்துக்கே போய் ஒரு பை மண் எடுத்து வாருங்கள். “சாம்பிள் எல்லாம் யாருங்க கேக்கறாங்க” என்பார்கள், நீங்கள் கேளுங்கள். மண்ணில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு மண். ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் தங்கும், வண்டல் சில மணி நேரத்தில் அதன் மேல் படியும், களி மறுநாள் வரை தண்ணீரைக் கலக்கலாகவே வைத்திருக்கும். பாதிக்கு மேல் களி என்றால் மழைக்காலத்தில் உங்கள் தோட்டத்தில் தண்ணீர் தேங்கும். கடைக்கால் தோண்டிய மண் பார்க்கச் சிவப்பாக இருந்தாலும் அதில் உயிர் இருக்காது. செடிக்கு வேண்டியது நிலத்தின் மேல் ஓர் அடிக்குள் இருக்கும் மண்.

மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். இந்த ஊரில் செம்மண் என்றால் தடாகம் பள்ளத்தாக்கில் நடந்ததை மறக்க முடியாது. செங்கல் சூளைகளுக்காக அங்கே ஓடைக்கரையையும் யானை நடக்கிற வழியையும் பனை உயரத்துக்குத் தோண்டினார்கள். மக்கள் நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகு 2021-ல்தான் அந்தச் சூளைகளுக்குப் பூட்டுப் போட்டார்கள். என் வீட்டு ரோஜாவுக்காக ஒரு மலையடிவாரம் குழியாக வேண்டாம். வண்டி வந்ததும் நடைச்சீட்டைக் கேளுங்கள். வண்டி எண், கனிமத்தின் பெயர், அளவு, புறப்பட்ட நேரம், எங்கிருந்து எங்கே என்று எல்லாம் அதில் இருக்கும். நடைச்சீட்டு இல்லாத வண்டியைப் பறிமுதல் செய்யலாம்; அப்போது உங்கள் மண்ணும் காவல் நிலையத்தில்தான் கிடக்கும்.

இனி அளவு. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. உங்கள் தோட்டம் முப்பதுக்கு இருபது, முக்கால் அடி உயரம் மண் வேண்டுமென்றால் 450 கன அடி, அதாவது நாலரை யூனிட். தண்ணீர் விட்டதும் மண் அமுங்கும்; ஒரு யூனிட் கூடச் சொல்லுங்கள். அடுத்த முறை மண் வாங்கியபோது, மூன்று யூனிட் வண்டி என்று அனுப்பியதை நான் டேப் வைத்து அளந்தேன். உள்நீளம் பதினொன்றரை அடி, அகலம் ஏழு, உயரம் மூன்று. பெருக்கினால் 241 கன அடி. “மேல குமிச்சு இருக்குதுல்லங்க்கா, அதையும் சேத்துத்தான்” என்றார் டிரைவர். மண்ணைத் தலைதட்டித்தான் அளக்க வேண்டும். ரெண்டேகால் யூனிட்டுக்கும் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதற்குத்தான் பணம் தருவேன் என்று நின்றேன், வாங்கிக்கொண்டு போனார்கள். அளப்பது கௌரவக் குறைச்சல் என்று அன்றைக்கு வீட்டில் முகம் சுளித்தார்கள். அரை யூனிட்டுக்கு மேல் மிச்சமானது யாருடைய பணம்?

எம்-சாண்டாக இருந்தால் ஈரத்தையும் பாருங்கள். லேசாக ஈரமான மணல் கால் பங்கு வரை உப்பி நிற்கும். யூனிட் கணக்கில் வாங்கினால் காற்றுக்குப் பணம் கொடுக்கிறீர்கள். டன் கணக்கில் வாங்கினால் தண்ணீருக்குக் கொடுக்கிறீர்கள். எம்-சாண்டைத் தோட்ட மண்ணில் கலக்காதீர்கள், அதிலுள்ள கல்தூள் மண்ணை இறுக்கிவிடும். பேவர் கல்லுக்கு அடியில் போட அது நல்லது. இடுக்கில் கூட்டித் தள்ள பி-சாண்ட் போதும்.

நடைபாதைக்கு அரை ஜல்லி போடுங்கள். முக்கால் ஜல்லி காலைக் குத்தும். கூழாங்கல் அழகுதான், ஆனால் உருண்டையான கல் மிதித்தால் உருளும். உடைத்த ஜல்லி ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு நிற்கும். மண் கலவை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, நன்றாக மக்கிய எரு ஒன்று.

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நீங்களே போய் நில்லுங்கள். உங்கள் வீட்டு முன்னாலும் தண்ணீர்த் தொட்டி இருக்கும், பக்கத்திலேயே செப்டிக் டேங்க் இருக்கும். ஏற்றிய டிப்பர் பதினைந்து டன்னுக்கு மேல் கனக்கும். அவற்றின் மூடி தாங்காது. வீட்டுச் சுவரை ஒட்டி பேஸ்மட்டத்துக்கு மேல் மண்ணைக் குவிக்கவும் விடாதீர்கள். ஓதம் ஏறும், கூடவே கரையானும் வரும்.

முன்பணமாகப் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு லோடையும் தனித்தனி இடத்தில் கொட்டச் சொல்லுங்கள். பின்கதவைக் கொஞ்சம் திறந்து நாலு கூடை சரிந்ததும் நிறுத்தச் சொல்லி, கையில் எடுத்துப் பாருங்கள். சரியில்லை என்றால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். வண்டி வாடகை கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். வீட்டில் பெண்கள்தான் நின்று இறக்குகிறீர்கள் என்றால் டேப்பை வேறு யார் கையிலும் கொடுக்காதீர்கள், நீங்களே பிடித்து அளங்கள்.