பால்சா பலகை: எந்த வெட்டு, எந்த எடை?

மாதிரி விமானம் கட்டத் தொடங்குபவர்கள் கடையில் பெரும்பாலும் தடிமனை மட்டும் சொல்லிப் பலகை வாங்குகிறார்கள். பால்சாவில் அது போதாது. பலகை அடிமரத்திலிருந்து எந்த வாக்கில் அறுபட்டது, எடை எவ்வளவு என்ற இரண்டையும் பார்த்தே ஆகவேண்டும்.

பால்சாவின் தாவரவியல் பெயர் ஆக்ரோமா பிரமிடாலே. நம் இலவ மரத்துக்கு நெருங்கிய உறவு. முன்பு இரண்டையும் பாம்பகேசி குடும்பத்தில் வைத்திருந்தார்கள். இன்று பருத்தி, பூவரசு, வெண்டையோடு மால்வேசி குடும்பத்தில் சேர்க்கிறார்கள். இதன் காய் வெடித்தாலும் தலையணையில் அடைக்கும் பஞ்சு கிடைக்கும். சந்தைக்கு வரும் பால்சாவில் பெரும்பகுதி ஈக்வடாரில் விளைவது. மிக வேகமாக வளரும் மரம் என்பதால் அதன் செல்கள் அகன்றும் சுவர்கள் மெலிந்தும் இருக்கின்றன. எடை குறைவதற்குக் காரணம் இதுதான்.

நார்கள் மரத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன. அவற்றுக்குக் குறுக்கே, நடுவிலிருந்து பட்டை நோக்கி ஆரக்கதிர்கள் என்னும் செல் வரிசைகள் செல்கின்றன. இவை பலகையில் எப்படி அமைகின்றன என்பதே வெட்டின் வகையைத் தீர்மானிக்கிறது.

ஏ வெட்டு: மேற்பரப்பில் நீண்ட, சீரான ரேகைகள் தெரியும். ஆரக்கதிர்கள் பலகையின் தடிமன் வழியே போவதால் அகலவாக்கில் எளிதில் வளையும். உருண்டையான உடற்பகுதி, இறக்கையின் வளைந்த முன்விளிம்பு ஆகியவற்றைப் போர்த்த ஏற்றது. தட்டையான பாகத்துக்கு வைத்தால் கோணிக்கொள்ளும்.

சி வெட்டு: மினுமினுக்கும் புள்ளித் திட்டுகள் அடையாளம். ஆரக்கதிர்கள் அகலவாக்கில் கிடப்பதால் பலகை விறைப்பாக நிற்கும், கோணாது. இறக்கையின் விலா எலும்புகளுக்கும் தட்டையான வால் பாகங்களுக்கும் இதுவே சரி. வளைக்க முயன்றால் பிளந்துவிடும்.

பி வெட்டு: இரண்டுக்கும் நடுத்தரம். பெட்டி வடிவ உடலின் பக்கங்கள் போன்ற பொது வேலைகளுக்கு உதவும்.

அடுத்து எடை. 1,000 மி.மீ. நீளம், 100 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் உள்ள பலகை ஒன்று 30 கிராம் இருக்கலாம். அதே அளவில் இன்னொன்று 60 கிராமும் இருக்கலாம். முதலாவதன் அடர்த்தி கன மீட்டருக்கு 100 கிலோ, இரண்டாவது 200 கிலோ. அடர்த்தி கூடக்கூட வலிமையும் கூடும். எனவே இறக்கையின் பளுவைத் தாங்கும் நீளச் சட்டத்துக்குக் கனமானதையும், வாலுக்கு இருப்பதிலேயே லேசானதையும் எடுங்கள். வால் ஈர்ப்பு மையத்திலிருந்து வெகுதூரம் தள்ளி இருப்பதால், அங்கே கூடும் ஒவ்வொரு கிராமையும் சமன்செய்ய மூக்கில் அதைவிடப் பல மடங்கு எடை ஏற்றவேண்டியிருக்கும்.

கடைக்குச் சிறு மின்னணுத் தராசு ஒன்றைக் கொண்டுபோங்கள். பலகையின் இரு நீள விளிம்புகளையும் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். இணங்கினால் ஏ, முரண்டினால் சி. ஒரே வகைதான் வாங்க முடியும் என்றால் நடுத்தர எடையுள்ள பி வெட்டை வாங்குங்கள். வாலுக்கு மட்டுமாவது லேசான சி வெட்டில் ஒரு பலகை தனியாக எடுத்துக்கொள்வது நல்லது.